நான்கு கார்புரேட்டர், ஒரே மூச்சு

சென்னையை அடுத்த பென்னலூரிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் போனால் ராயல் என்ஃபீல்டு, யமஹா தொழிற்சாலைகள். பைக் பிறக்கும் மண். ஆனாலும் இங்குள்ள மெக்கானிக் ஷெட்டுகளில் கார்புரேட்டர்களை ஒன்றுக்கொன்று சமன்செய்யும் வேலை அதிகம் வந்ததில்லை. இந்தியச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டர் வண்டிகள். 1983இல் வந்த ராஜ்தூத் 350 விதிவிலக்கு. அதற்கு இரண்டு. ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திருகி, இரு ஸ்லைடும் ஒன்றாக எழும்புகின்றனவா என்று பார்த்து கேபிளைத் திருத்துவார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்து, கார்புரேட்டர் இருந்த இடத்தை ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பிடித்தபின் புது வண்டிகளில் அந்த வேலையும் ஏறக்குறைய ஓய்ந்தது.

இலங்கையில் அப்படியில்லை. ஜப்பானிலிருந்து போன ஹோண்டா ஜேட், ஹார்னெட் 250 வண்டிகளில் 250 சிசிக்குள் நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதால் இருந்ததையே காப்பாற்ற வேண்டியதாயிற்று. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் பெட்ரோல்தான் என்றபோது, ஒரு சிலிண்டர் சோம்பினாலும் நஷ்டம். யாழ்ப்பாணத்தவருக்கு இந்தச் சிக்கனப் பழக்கம் இன்னும் பழையது: 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அவர்கள்.

நான்கு கார்புரேட்டருக்கு நான்கு வேக்குவம் கேஜ் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூபில் 2டி ஆயில் ஊற்றி, இரண்டிரண்டாக ஒப்பிடலாம். எஞ்சின் சூடானபின் ஐடிலிங்கில் எந்தப் பக்கம் ஆயில் ஏறுகிறதோ, அந்தப் பக்கம் பட்டர்ஃபிளை கூடுதலாக மூடியிருக்கிறது. கார்புரேட்டர்களுக்கு இடையிலுள்ள திருகை இம்மியளவு திருப்பினாலே மட்டம் நகரும்.

எஞ்சின் நடுங்கியதுமே அந்தத் திருகில் கைவைப்பதுதான் இரு நாட்டிலும் நடக்கும் பெருந்தவறு. முதலில் எஞ்சினிலிருந்து வெளிவரும் நான்கு புகைக்குழாயிலும் சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சீறாத குழாயின் சிலிண்டரில் பிளக்கோ பைலட் ஜெட்டோ பழுதாக இருக்கலாம். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் ஸ்ப்ரே அடிக்கும்போது எஞ்சின் வேகம் மாறினால் அங்கே காற்றுக் கசிவு. வால்வு இடைவெளியையும் அளக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டுச் சமன்செய்தால் பழுது மறையும், தீராது.

2018இல் வந்த ராயல் என்ஃபீல்டு 650இலும் கார்புரேட்டருக்குப் பதிலாக இரண்டு த்ராட்டில் பாடிகள் இருக்கின்றன. அவற்றின் பட்டர்ஃபிளைகள் சற்றே பிசகினால் ஸ்கேனர் பிழை எதுவும் காட்டாமலே ஐடிலிங் கெடலாம். அப்போது ஒரகடத்து மெக்கானிக்குக்கும் அதே வேக்குவம் கேஜ்தான் தேவைப்படும்.