‘மூர்’ என்னும் பெயர்

மதுரையில் நம்மிடம் அரபி பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயம் எழுப்பினார்: “ஹஜ்ரத், இலங்கை முஸ்லிம்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்களா?” அவர் கையிலிருந்த மொழிபெயர்ப்பு வரலாற்று நூலை வாங்கிப் புரட்டினோம். ஸ்பெயினை வென்றவரும் ‘மூர்கள்’. கொழும்பில் வணிகம் செய்தவரும் ‘மூர்கள்’. பிழை மாணவருடையதன்று.

இதன் மூலம் ‘மௌருஸ்’ என்னும் லத்தீன் சொல். வட ஆப்பிரிக்காவின் மேற்கே உரோமர் மௌரிதானியா என வழங்கிய நாட்டினர் என்பது பொருள். மொராக்கோவிலிருந்து பிறந்ததென நம்மவர் சிலர் எழுதுவது பொருந்தாது. அது மராகிஷ் நகரின் பெயர் திரிந்தது. 711-இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து சென்றபின், பெர்பரியர், அரபியர், இஸ்லாத்தைத் தழுவிய உள்நாட்டார் யாவரையும் ஸ்பானியர் ‘மோரோ’ என்றே அழைத்தனர். அந்தலுஸ் மக்கள் தம்மை அந்தலுஸ்வாசிகள் என்றனரேயன்றி மோரோ என்றாரில்லர்.

ஸ்பானிய மொழியில் அச்சொல் சென்ற வழி விந்தையானது. ஞானஸ்நானம் பெறாத குழந்தையும் மோரோ. தண்ணீர் கலவாத மதுவும் மோரோ, அதற்கும் ஞானஸ்நானம் ஆகவில்லையாம்! நெற்றியில் வெள்ளைப் புள்ளியுடைய கருங்குதிரையும் மோரோ. கியூபாவிலோ கறுப்பு அவரையும் வெள்ளைச் சோறும் சேர்ந்த உணவுக்கு ‘மோரோக்களும் கிறிஸ்தவர்களும்’ என்று பெயர்.

1565-க்குப் பின் பிலிப்பைன்ஸில் குடியேறிய ஸ்பானியர், மிந்தனாவோ, சூலு முஸ்லிம்களுக்கும் அப்பெயரையே இட்டனர். 1505-இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கீசியர் தம் மொழியில் ‘மௌரோ’ என்றனர்; அதுவே ஆங்கிலத்தில் ‘மூர்’ ஆயிற்று. பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள் வசைப்பெயரையே உரிமைப் பெயராக்கிக் கொண்டனர். 2019-இல் அமைந்த அவர்தம் தன்னாட்சிப் பகுதியின் பெயர் ‘பங்சாமோரோ’. அதிலுள்ள ‘பங்சா’ என்னும் மலாய்ச் சொல், நாம் வம்சம் என வழங்கும் வடசொல்லே. அது அவர்கள் தேர்ந்த பெயர். அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

தமிழில் எழுதுவோர் நிலை வேறு. ‘சோனகர்’ என்னும் சொல் நம்மிடம் உண்டு. ராவுத்தர்கள் மிகுந்த நம் மதுரைச் சீமையில் அது அரிதெனினும் கடற்கரை ஊர்களில் அறிந்ததே. அதுவும் பிறர் இட்ட பெயர்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. யவனர் என்பதன் பிராகிருத வடிவிலிருந்து வந்தது அது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை வாயிலில் காவல் நிறுத்தும் யவனர் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் அம்மக்கள் அப்பெயரைத் தமக்குரியதாகக் கொண்டுள்ளனர். இலங்கைக் குடித்தொகைக் கணக்கும் தமிழில் ‘இலங்கைச் சோனகர்’ என்றே குறிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதனையேனும் பார்த்திருக்கலாம்.

மாணவரின் நூலில், ஸ்பெயின் பகுதியில் இடம் நோக்கிப் பெர்பரியர் என்றும் அரபியர் என்றும், இலங்கைப் பகுதியில் சோனகர் என்றும் பென்சிலால் திருத்திக் கொடுத்தோம். பதினேழு இடங்களில் திருத்த வேண்டியிருந்தது.