பூகோளத்தின் வேகத்தைக் குறைத்தவர்

ஐசக் அசிமோவ் 1951இல் எழுதிய ‘தி ஃபன் தே ஹேட்’ ரொம்பச் சின்னக் கதை. என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பல வருடங்கள் இருந்ததால், அறிவியல் புனைவு பக்கமே வராதவர்களுக்கும் தெரிந்த கதை. 2157ஆம் வருடம். பதினோரு வயது மார்ஜிக்கு வீட்டிலேயே பள்ளி. பாடம் நடத்துவது ஒரு இயந்திரம். அவள் நண்பன் டாமி பரணிலிருந்து ஒரு காகிதப் புத்தகத்தை எடுத்துவருகிறான். அதில் பழைய காலத்துப் பள்ளிகள், மனித ஆசிரியர்கள், ஒன்றாகச் சிரித்து விளையாடிய பிள்ளைகள். அந்தக் காலத்தை நினைத்து மார்ஜி ஏங்குவதோடு கதை முடிகிறது.

இயந்திரம் கெட்டது, மனித ஆசிரியர் நல்லவர். வகுப்பறையில் தொழில்நுட்பம் என்று பேச்சு வந்தாலே இந்தக் கதையை இப்படித்தான் இழுத்துவருகிறோம். இந்த வாசிப்போடு எனக்கு இரண்டு தகராறுகள்.

முதலாவது, மார்ஜி அந்தப் பள்ளியைப் பார்த்ததே இல்லை. பார்க்காததால்தான் அவளால் ஏங்க முடிகிறது. பிரம்பையும், முட்டி போடச் சொன்னதையும், சாதி பார்த்து உட்காரவைத்த பெஞ்சையும் அனுபவித்தவர்கள் அந்தக் கடைசி வரிகளை அத்தனை சுலபமாகக் கடந்துபோக மாட்டார்கள். அவளுடைய கறுத்த பெரிய இயந்திரம் அவளை அடிப்பதில்லை, ஊர் பேர் கேட்பதில்லை. அவள் வெறுப்பதெல்லாம் வீட்டுப்பாடத்தைச் செருகும் அந்தத் துளையைத்தான். ‘மனித ஆசிரியர்’ என்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை என்பதைக் கதையும் மறைக்கவில்லை. ஏக்கத்தைக் குழந்தையின் வாயில் வைத்ததே அசிமோவின் கிண்டல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது தகராறுதான் முக்கியம். கதையின் நடுவில் ஒருவர் வருகிறார், யாரும் அவரைக் கவனிப்பதில்லை. மார்ஜி பூகோளத் தேர்வுகளில் மேலும் மேலும் சொதப்புகிறாள். அம்மா கல்வி ஆய்வாளரை வரவழைக்கிறாள். சிவந்த முகமும் உருண்டை உடம்புமாக, கருவிப்பெட்டியோடு வருகிறார். அவளிடம் ஒரு ஆப்பிளைக் கொடுத்துவிட்டு இயந்திரத்தைப் பிரிக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து அம்மாவிடம் அவர் சொல்வதன் சாரம்: பிள்ளை மேல் தப்பில்லை, பூகோளப் பகுதி கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கிறது, பத்து வயதுக்கான அளவுக்குக் குறைத்துவிட்டேன்.

நம்மில் எத்தனை பேர் பள்ளியில் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டிருப்போம்? மதிப்பெண் குறைந்தால் பிள்ளைதான் மக்கு. பாடம் வேகமாக ஓடியிருக்கலாம் என்று யாரும் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. கதையில் ஆசிரியரே இல்லை என்று வருத்தப்படுகிறோமே, இருக்கிறார்! ஒரு மணி நேரம் வந்து, தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் தொழில்நுட்பத்தில் ‘வளர்வது’ என்றால் என்ன என்று யோசிக்கும்போது இவர்தான் எனக்கு அளவுகோல். ஸ்மார்ட் போர்டை இயக்கத் தெரிவதும் செயலியில் பதிவேற்றத் தெரிவதும் இரண்டு நாள் பயிற்சியில் வந்துவிடும். திரையில் ஓடுவது இந்தப் பிள்ளைக்கு வேகமா, மெதுவா, வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்துக்கு வருவதுதான் வளர்ச்சி.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில், பரிதேவாடி என்ற சிற்றூரின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசாலே 2020இல் உலக ஆசிரியர் விருதைப் பெற்றார். பரிசு 10 லட்சம் டாலர். அதில் பாதியை மற்ற ஒன்பது இறுதிப்போட்டியாளர்களுக்குப் பிரித்துக்கொடுத்தார். செய்திகள் அவரை ‘கியூஆர் கோடு வாத்தியார்’ ஆக்கின. ஆனால் கியூஆர் கோடு அங்கே கடைசிப் படி. பிள்ளைகளின் வீட்டுமொழி கன்னடம், கையில் இருந்த புத்தகத்தின் மொழி வேறு. அவர் கன்னடம் கற்றார், புத்தகங்களை அவர்களுக்காக மாற்றி அமைத்தார், அப்புறம்தான் பாட்டையும் கதையையும் காணொளியையும் அந்தக் கறுப்புக் கட்டங்களுக்குள் வைத்தார். கருவியை எடுக்கும் முன்பே பெட்டியைத் திறந்துவிட்டார் என்று சொல்லலாம்.

நம் ஊருக்கு வருவோம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தது. ஒரே வகுப்பில் வேறு வேறு வேகம் உண்டு என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம், ஆய்வாளர் செய்ததும் இதைத்தான். ஆனால் மதிப்பீடு செயலிக்குள் போகும்போது கேள்வி மாறுகிறது. அந்தத் தகவல் யாருக்கு? மேலே போகும் அட்டவணைக்கு மட்டும்தான் என்றால், மார்ஜி வெறுத்த துளையில் இப்போது ஆசிரியர் தாளைச் செருகிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

லாரி கியூபன் 1986இல் வெளியிட்ட ‘டீச்சர்ஸ் அண்ட் மெஷின்ஸ்’ நூலை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சினிமா, வானொலி, தொலைக்காட்சி என ஒவ்வொன்றும் பெரிய வாக்குறுதியோடு அமெரிக்க வகுப்பறைக்குள் வந்தது, கொஞ்சமாகப் பயன்பட்டது, கடைசியில் பழி ஆசிரியர் தலையில் விழுந்தது என்று அவர் காட்டுகிறார். நெரிசலான வகுப்பில், தன்னைக் கேட்காமல் மேலிருந்து இறக்கிய கருவியை ஆசிரியர் ஓரமாக வைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. பிள்ளை மேல் தப்பில்லை என்ற அதே வாக்கியத்தைக் கியூபன் ஆசிரியருக்காகச் சொல்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

அசிமோவ் தவறவிட்டதும் இங்கேதான். ஆய்வாளரை வெளியிலிருந்து வரவழைத்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார். வேகத்தைக் குறைக்கத் தெரிந்த மனிதர் தினமும் மார்ஜி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அவள் பழைய பள்ளியை நினைத்து ஏங்கியிருக்க மாட்டாள். இன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர். டேப்லெட்டைக் கொடுத்துவிட்டோம். கருவிப்பெட்டியையும், அதைத் திறக்கும் உரிமையையும் இன்னும் கொடுக்கவில்லை.