நண்டின் வயிற்றுத் தாளம்

சாலவாக்கத்து வரப்பில் வளை தோண்டும் வயல் நண்டுக்கு வயிற்றுக்குள்ளும் பற்கள் உண்டு. நண்டினத்தில் அவற்றை அசைப்பது சுமார் 30 நரம்பணுக்கள் கொண்ட குட்டி முடிச்சு.

அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டர், கடல் நண்டுகளின் இந்த முடிச்சைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். நரம்பணு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. மின்துடிப்பை உண்டாக்கும் அயனி வாயில் புரதங்களோ சில நாட்களில், சில வாரங்களில் சிதைந்து புதிதாகின்றன. அப்படியும் தாளம் தப்புவதில்லை! உள்ளே வரும் கால்சியத்தைக் கொண்டே நரம்பணு தன் துடிப்பை அளந்து, சோடியம், பொட்டாசியம் வாயில்களைக் கூட்டிக் குறைக்கிறது என்று கருதுகிறார்கள்.

அதைவிட அழகு, 2006-இல் அவர் குழு கண்டது: வெவ்வேறு நண்டுகளில் ஒரே வகை நரம்பணுவின் வாயில் அளவுகள் 2 முதல் 4 மடங்கு வரை வேறுபட்டன. துடிப்பு மட்டும் ஒன்றுபோல.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரிஷிகேஷ் நாராயணன் குழுவும், நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் நரம்பணுக்களில், பல வழிகளில் ஒரே துடிப்பை எட்டும் இதே தன்மையைக் கணினி மாதிரிகளில் காட்டியிருக்கிறது.