சைக்கிள் கடையில் கிடைக்காததை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்

சென்னையிலிருந்து கடற்கரையோரமாகக் கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகிறவருக்கு வழியெங்கும் பஞ்சர் கடைகள் உண்டு. நட்டு, போல்ட்டு, கிரீஸ், சொல்யூஷன் எதற்கும் குறைவில்லை. ஆனால் அவை ஊர்க் கறுப்புச் சைக்கிளையும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளையும் நம்பி நடக்கும் கடைகள். கியரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள 700சி வண்டிக்கு அங்கே எது கிடைக்காதோ, அதுதான் என் உதிரிபாகப் பைக்குள் போகிறது.

முதலில் டியூப். கறுப்புச் சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மி.மீ. விட்டம், 700சி ரிம் 622. டியூப் ரப்பர்தானே, இந்த அளவு வித்தியாசத்தை இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடலாம். வால்வில்தான் சிக்கல். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ரிம்மில் போட்டிருக்கும் துளை சுமார் 6.5 மி.மீ.தான், கடையில் கிடைக்கும் தடித்த வால்வு அதில் நுழையாது. அதனால் இரண்டு டியூப், கூடவே ஒரு பித்தளை அடாப்டர். அந்தச் சின்ன அடாப்டர் இருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்றடிக்கலாம். பையில் இதைவிடக் குறைந்த விலையில் இவ்வளவு உதவும் பொருள் வேறில்லை. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல முள் டயருக்குள் நுனி ஒடிந்து நிற்கும். புது டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது டீரெய்லர் ஹேங்கர், அதாவது பின் கியரை மாற்றும் டீரெய்லரை ஃபிரேமோடு பிணைக்கும் சிறு அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் விழுந்தால் ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளைவதற்கென்றே செய்யப்பட்டது. வளைந்ததைக் கவனிக்காமல் பெரிய பல்லுக்குக் கியரை மாற்றினால் டீரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய்விடும், சக்கரமும் கெடும். எல்லா ஃபிரேமுக்கும் ஒரே ஹேங்கர் என்று 2019-ல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த வடிவம் புதிய வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. மற்ற வண்டிகளுக்கு ஃபிரேமுக்கு ஒரு வடிவம். பெருநகரத்துக் கடையிலும் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டிவரும். தீப்பெட்டிக்குள் அடங்கக்கூடிய இதை விட்டுவிட்டுக் கிளம்பவே கூடாது என்பேன்.

செயினுக்கு இரண்டு குவிக் லிங்க் போதும், உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்துவதாக. 8 ஸ்பீடு லிங்க் 11 ஸ்பீடு செயினில் உட்காராது.

கேரியரில் சுமை ஏற்றினால் பெரும்பாலும் பின்சக்கரத்தின் வலப்பக்க ஸ்போக்ஸ்தான் ஒடியும். அதை மாற்றக் கேசட்டைக் கழற்ற வேண்டும், அதற்குரிய கருவியோ ஊர்க் கடையில் இருக்காது. இங்கேதான் கெவ்லார் கயிற்று ஸ்போக்ஸ் கைகொடுக்கிறது: கேசட்டைக் கழற்றாமலே கோத்து இறுக்கலாம். அதன்பின் பெண்டு எடுப்பதைக் கடைக்கார அண்ணனிடம் விட்டுவிடுங்கள். அவர் கைப்பக்குவம் நமக்கு வராது.

பிரேக் பேட் ஒரு ஜோடி, உங்கள் காலிப்பர் மாடலுக்குரியது. ஈர மணலில் ரெசின் பேட் வேகமாகத் தேயும். கியர் கேபிள் ஒன்று. அது லீவருக்குள் அறுந்தால் வண்டி சின்னப் பல்லிலேயே நின்றுவிடும், எதிர்காற்றில் மிதித்து மாளாது.

உபரி டயரும் உபரி செயினும் வேண்டாம். கிளம்பும் முன் அளந்து, செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரிலிருந்து உள்ளங்கையளவு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காற்றைச் சற்றுக் குறைத்து மெதுவாக ஓட்டினால் அடுத்த பெரிய ஊர் வரை தாங்கும்.