நாள் பார்த்துப் பூக்கும் பிர்ச்

பின்லாந்தின் தேசிய மரமான வெள்ளி பிர்ச் பூக்கும் முறை அலாதியானது. வரப்போகும் வசந்தத்துக்கான ஆண் பூச்சரங்களை அது முந்தைய கோடையிலேயே உருவாக்கிவிடுகிறது. விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சரங்கள் பனிக்காலம் முழுக்கக் கிளை நுனிகளில் இறுக மூடிக் கிடக்கும்.

வெப்பம் நாளுக்கு நாள் சேர்ந்து போதிய அளவை எட்டியதும், ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ, அவை நீண்டு தொங்கும். அப்போதும் அவசரம் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் மகரந்தப்பைகள் திறப்பதில்லை. வெயில் ஏறி ஈரம் வற்றிய பிறகே அவற்றின் சுவர்கள் உலர்ந்து பிளக்கும். காற்று கிளையை அசைத்ததும் மஞ்சள் தூள் கிளம்பும். இலைகள் முழுதாக விரியாத பருவம் என்பதால், வழிமறிக்க அதிகம் எதுவும் இல்லை.

ஒரு துகளின் குறுக்களவு ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். தரை சூடேறி மேலெழும் காற்று அதை உயரே தூக்கிச் செல்லும். தெற்குக் காற்று வாய்த்தால் அது கடலையே கடக்கும். பின்லாந்து மரங்கள் மலரும் முன்பே பால்டிக் நாடுகளின் மகரந்தம் அங்கே வந்திறங்குவதுண்டு. நல்ல மழை பெய்தால் வானம் கழுவப்பட்டு எல்லாம் மண்ணில் படியும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது தும்மலும் கண்ணெரிச்சலுமான காலம். அந்தத் துன்பம் உண்மை. ஆனாலும், பூச்சிகளை அழைக்கத் தேனும் பகட்டு வண்ணமும் இல்லாத மரம், வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் கணித்தே தன் வம்சத்தை வளர்க்கிறது. இயற்கையின் நுட்பங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.