யந்திரமும் சங்கமும்: எரிக் பிளின்ட்டின் மாற்று வரலாற்று நாவல்களும் அவற்றின் இரசிகர்களும்

ஓர் எழுத்தாளர் தம் நூல்களைப் பற்றிப் பேட்டிகளிலே கூறுவனவற்றை அந்நூல்களுக்கான இறுதி உரையாகக் கொள்ளும் வழக்கம் வாசகரிடையே வேரூன்றியுள்ளது. மாற்று வரலாற்றுப் புனைகதை எனப்படும் இலக்கிய வகையில் இவ்வழக்கம் ஏனையவற்றிலும் பார்க்க வலுவுடையது. நடந்து முடிந்த வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை மாற்றிவிட்டு, அதன்பின் உலகம் எவ்வாறு இயங்கியிருக்கும் எனக் காட்ட முனைவது இவ்வகை. அது எழுப்பும் வினா நூலின் கடைசிப் பக்கத்தோடு முடிவதில்லை. அந்த அரசன் இறவாதிருந்தால் அயல்நாடு என்னவாகியிருக்கும், அந்தத் தொழில்நுட்பம் எத்தனை ஆண்டுகளிற் பரவியிருக்கும் என்றெல்லாம் வாசகர் தமக்குள் வாதிடுகின்றனர். வாதம் முற்றும்போது ஆசிரியரின் வாய்மொழியைச் சான்றுக்கு அழைக்கின்றனர். இவ்வாறான வாதங்களே ஒரு பெரும் நூற்றொகுதியாக வளர்ந்தமைக்குத் தக்க உதாரணம் அமெரிக்க எழுத்தாளர் எரிக் பிளின்ட்டின் (1947–2022) நாவல்களாகும். அவற்றைச் சனரஞ்சக இலக்கியம் என முற்போக்கு வாசகர்கள் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது என்பது எமது கருத்து. ஏன் பொருந்தாது என்பதை அந்நூல்களையும், அவற்றைக்கொண்டு இரசிகர்கள் செய்தவற்றையும் நோக்கியே கூறுதல் வேண்டும்.

பிளின்ட், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் தென் ஆபிரிக்க வரலாறு குறித்துப் பட்டப்பின் ஆய்வை மேற்கொண்டவர். அதனை இடைநடுவிற் கைவிட்டுத் தொழிலாளர் இயக்கத்தினுட் புகுந்தார். ட்ரொட்ஸ்கிய மரபில் வந்த சோஷலிசத் தொழிலாளர் கட்சியில் உறுப்பினராக இருந்தார். துறைமுகத் தொழிலாளியாகவும் லொறிச் சாரதியாகவும் யந்திர வினைஞராகவும் நெடுங்காலம் உழைத்த பின்னர், ஐம்பது வயதளவில், 1997இலேயே அவரது முதல் நாவல் வெளிவந்தது. தாம் சோஷலிசவாதி என்பதைப் பேட்டிகளில் அவர் மறைத்தவரல்லர். அவரை வெளியிட்ட பெயின் பதிப்பகமோ படைத்துறை சார்ந்த விஞ்ஞானப் புனைகதைகளுக்குப் பேர்போனது. அதன் வாசகரிற் கணிசமானோர் வலதுசாரிச் சார்புடையோர். ஒரு தொழிற்சங்கவாதியின் நாவலை இவர்கள் கொண்டாடினர் என்பது விளக்கம் வேண்டி நிற்கும் ஒரு செய்தி.

2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘1632’ என்ற நாவலின் கதை எளியது. மேற்கு வேர்ஜீனியாவின் கிரான்ட்வில் என்னும் கற்பனைச் சுரங்கப் பட்டினம், அதன் மூவாயிரம் சொச்சம் மக்களோடும், மின்நிலையத்தோடும், பாடசாலையோடும், யந்திரப் பட்டறைகளோடும் 2000ஆம் ஆண்டிலிருந்து பெயர்க்கப்பட்டு, 1631இன் தூரிங்கியாவில், முப்பதாண்டுப் போரின் (1618–1648) நடுவே வந்து விழுகின்றது. மக்டபேர்க் நகரம் சூறையாடப்பட்டு ஏறத்தாழ 20,000 பேர் மாண்ட ஆண்டு அது. இப்பெயர்ச்சிக்குக் காரணம் வேற்றுலக வாசிகளின் பொறுப்பற்ற கலை விளையாட்டு என்று முகவுரையிற் சுருங்கக் கூறிவிட்டு ஆசிரியர் அப்பால் நகர்கின்றார். பொருள்முதல்வாதி ஒருவரின் நாவல் அற்புதத்திலே தொடங்குகின்றதே என்று நகைப்போர் நகைக்கலாம். ஆயின் அதன்பின் வேறோர் அற்புதத்துக்கு அவர் இடமளிக்கவில்லை.

நாவலின் கரு ஊர்க்கூட்டமொன்றில் வெளிப்படுகின்றது. கூலிப்படைகள் நாட்டைச் சூறையாட, அகதிகள் பட்டினத்தைச் சூழ்கின்றனர். கம்பனித் தலைவரான ஜோன் சிம்சன், பட்டினம் தன் எல்லையைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என வாதிடுகின்றார். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர் மைக் ஸ்டேர்ன்ஸ், வந்தோரைச் சமமான குடிகளாக ஏற்க வேண்டும் என்கின்றார். அவருடைய நிலைப்பாட்டில் அறமும் உண்டு, கணக்கும் உண்டு: மூவாயிரம் பேரின் உழைப்பால் ஒரு கைத்தொழிற் சமூகத்தைத் தாங்க இயலாது. கூட்டம் அவர் பக்கம் சாய்கின்றது. அமெரிக்கப் புரட்சியை நூற்றைம்பது ஆண்டுகள் முன்கூட்டியே தொடக்கிவைப்பதென முடிவாகின்றது. சங்கம் முந்தி, யந்திரம் பிந்தி என்பதே நாவலின் ஒழுங்கு. இதனை நினைவிற் கொள்வது பின்னர் பயன்படும்.

முன்னோடிகளோடு ஒப்பிடுகையில் இதன் தனித்தன்மை தெளிவாகும். மார்க் ட்வெய்ன் 1889இல் ஆதர் மன்னனின் அவைக்கு அனுப்பிய யாங்கியும், ஸ்பிரேக் டி காம்ப் 1939இல் ஆறாம் நூற்றாண்டின் உரோமாபுரிக்கு அனுப்பிய தொல்லியலாளனும் தனி மனிதர்கள். தம் தலைக்குள் உள்ள அறிவைக் கொண்டே ஒரு காலத்தைத் திருப்பிப்போட முனைபவர்கள். போல் அண்டர்சன் 1956இல் எழுதிய சிறுகதையொன்று இக்கனவின் வேரில் வெட்டியது. அதிலே பத்தாம் நூற்றாண்டின் ஐஸ்லாந்தைச் சென்றடையும் அமெரிக்கப் படைவீரன், தான் அறிந்த எதனையும் செய்துகாட்ட முடியாது மடிகின்றான். கருவியைச் செய்யும் கருவி அங்கில்லை. எம் மதிப்பீட்டில், இவ்வகையில் எழுதப்பட்ட சிறுகதைகளுள் அதுவே தலையாயது. பிளின்ட் அதற்கு விடையிறுப்பவர் போன்று ஒருவனை விடுத்து ஊரையே அனுப்பினார். 1998இல் ஸ்டேர்லிங் என்பவர் நன்டக்கெட் தீவை வெண்கல யுகத்துக்கு அனுப்பியிருந்தமையால் ஊரை அனுப்பிய பெருமை பிளின்ட்டுக்கு மட்டும் உரியதன்று. தொழிற்சங்கத்தை அவ்வூரின் அச்சாணியாக்கியமையே அவருக்குரியது.

இரசிகர்களின் கலந்துரையாடல் கிளைத்தது இங்கிருந்துதான். கிரான்ட்வில்லுக்கு முன்மாதிரி மனிங்டன் என்ற மெய்யான பட்டினம். மனிங்டனில் இருப்பதே கிரான்ட்வில்லில் இருக்கலாம் என்பது அவர்களிடையே விதியாயிற்று. பட்டினத்து மாந்தர் இன்னின்னார் எனக் காட்டும் அட்டவணையொன்றும் உருவாயிற்று. இவ்வுலகில் வைத்துக் கதை எழுதப் புகும் எவரும் அதற்குக் கட்டுப்பட்டனர். கதைக்கு வசதியாக இரசாயனப் பேராசிரியர் ஒருவரை அவ்வூரிற் குடியேற்ற யாருக்கும் உரிமையில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொழில்நுட்பத்தை நெடுங்காலம் பேண முடியாது. உதிரிப்பாகங்கள் தீர்ந்துபோகுமுன், இருக்கும் யந்திரங்களைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவித் தொழில்நுட்பத்துக்கு இறங்கி அங்கே காலூன்ற வேண்டும் என்று நாவல் கூறுகின்றது. மலையேறும் லொறியின் கியரைக் குறைப்பதற்கு ஒப்பானது இது. லொறி ஓட்டிய ஒருவருக்கே இவ்வுவமை தோன்றும் என எண்ணத் தோன்றுகின்றது. இதனை ஆதாரமாகக் கொண்டு எழுந்த வினாக்கள் பல. இறப்பர் எங்கிருந்து வரும்? வானொலிக் குழாய்களைச் செய்ய இயலுமா? தண்டவாளத்துக்கான இரும்பை எவ்வுலையில் உருக்குவது? இவை பற்றிய கட்டுரைகள், கதைகளோடு ஒருங்கே, ‘கிரான்ட்வில் கசெட்’ என்ற சஞ்சிகையில் 2003 முதல் வெளிவந்தன. வாசகராயிருந்தோர் எழுத்தாளராயினர், 2004இல் வெளிவந்த முதலாவது கதைத் தொகுதியில் அவர்களும் தொழில்முறை எழுத்தாளரும் சமமாக அமர்ந்தனர்.

இவ்வாதங்களிற் பங்குகொண்டோருட் பலர் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிப்பவராய் இருந்திருக்கலாம். ஆயினும் ஒரு தையலூசிக்குப் பின்னால் சுரங்கமும் உலையும் போக்குவரத்தும் முகமறியாத எண்ணற்றோரின் உழைப்பும் நிற்கின்றன என்ற உண்மைக்கு அவர்கள் தம் கணக்கின் வழியாகவே வந்து சேர்ந்தனர். எந்தப் பேட்டியும் இதனை அவர்களுக்குக் கற்பித்திருக்க முடியாது. சனரஞ்சக வாசகனைப் பற்றி எம்மிடையே நிலவும் இளக்காரமான எண்ணத்தை நாம் மறுபரிசீலனை செய்வதற்கு இவ்வொன்றே போதுமானது.

எனினும், உற்பத்திச் சக்திகளிலே இத்துணை நுணுக்கம் காட்டியோர் உற்பத்தி உறவுகள் என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்கின்றனர். கசெட்டின் முதலாவது தொகுதியில் இடம்பெற்ற கதையொன்று, கிரான்ட்வில்லின் இளைஞர் சிலர் தையல் யந்திரம் செய்து விற்கக் கம்பனி தொடங்குவதைக் கூறுகின்றது. செய்நேர்த்தியுள்ள கதைதான், வெறுக்கத்தக்கது எதுவும் அதில் இல்லை. ஆனால் அதன் விறுவிறுப்பு முழுவதும் முதல் திரட்டுவதிலும் பங்கு விற்பதிலும் தங்கியுள்ளது. அந்த யந்திரத்தின் முன் அமரப்போகும் பெண்ணின் கூலி என்ன, வேலைநேரம் என்ன என்பவை கதையின் மையத்துக்கு வருவதில்லை. நாவலிலே முந்தி நின்ற சங்கம் இங்கே பிந்திவிடுகின்றது, யந்திரம் முந்திக்கொள்கின்றது. பிற்காலத்தில் எண்ணெய் தேடித் திரினிடாட்டுக்குச் செல்லும் நாவலும் (2014) இத்தொடரில் வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் கரிபியன் அடிமை உழைப்பால் இயங்கிய உலகம் என்பதை ஆசிரியர்கள் அறியாதவரல்லர். ஆயினும் மூலப்பொருள் தேடிச் செல்லும் நாடு, அது நல்ல நாடாகவே இருப்பினும், எவ்வகை நாடாக மாறும் என்ற கேள்வி, கப்பல்களின் வேகம் பற்றிய கேள்வியளவு கூர்மை பெறவில்லை.

இதற்கு மாறான சான்றொன்றும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஜேர்மனியின் முன்னை நவீன கால வரலாற்றிற் புலமை மிக்க வேர்ஜீனியா டிமார்ஸ், பிளின்ட்டோடும் பிறரோடும் சேர்ந்து எழுதிய ‘1634: கடாக் கிளர்ச்சி’ (2006) பிராங்கோனியக் குடியானவரின் எழுச்சியைப் பொருளாகக் கொண்டது. முரட்டுச் செம்மறிக் கடாவொன்றைப் பற்றி ஊராரிடையே வழங்கும் வேடிக்கைக் கதைகள் மெல்ல மெல்லக் குடியானவரின் கைக்குப் போய்ச் சேர்கின்றன; ஈற்றில் கடாத்தலை அவர்களது கிளர்ச்சிச் சின்னமாகின்றது. நூல் கதைகளின் கோவையாக அமைந்தமையால் நடை சீரற்றது. நிலவரிப் பத்திரங்களையும் குத்தகை முறைகளையும் விவரிக்குமிடங்களிற் பொறுமையைச் சோதிப்பது. ஆனால் அந்தக் குத்தகை முறைகளே அதன் பலம். 1525இன் குடியானவர் போரைப் பற்றி ஏங்கல்ஸ் 1850இல் எழுதியதைப் படித்தோர் இந்நூலின் தரையை உடனே அடையாளம் காண்பர். கிரான்ட்வில்லார் இங்கே புரட்சியை நடத்துவதில்லை; அவர்கள் அதன் ஓரத்தில் நின்று, நிகழ்வதைப் புரிந்துகொள்ளத் திணறுகின்றனர். முழுத் தொடரிலும் வரலாற்றுணர்வு மிக்க நூல் இதுவே என்போம்.

பேட்டிகளின் அதிகாரம் பற்றிய வினாவை இனி நோக்கலாம். பிளின்ட்டின் நாவல்களை விரும்பும் வலதுசாரி வாசகன், ஆசிரியரின் அரசியல் வேறு கதை வேறு என்பான். இடதுசாரி வாசகன், ஆசிரியர் சோஷலிசவாதி என்று சொல்லிவிட்டமையால் நூலும் அவ்வாறானதே என்பான். இருவரும் நூலை விட்டுவிட்டு ஆசிரியரையே பற்றிக்கொள்கின்றனர். ‘1632’ஐ அதன் அளவில் வாசித்தால், அது தொழிலாளரின் கூட்டாற்றலைப் போற்றும் நாவல் என்பதும், அதே மூச்சில் அமெரிக்காவே ஐரோப்பாவுக்கு விடுதலையைக் கொண்டுசெல்லும் என்ற பழைய நம்பிக்கையைப் புதுப்பிக்கும் நாவல் என்பதும் புலனாகும். வலதுசாரி வாசகன் அதனைக் கொண்டாடியமைக்கு இவ்விரண்டாவது கூறு போதிய விளக்கம். இம்முரண்பாடு நூலினுள்ளேயே உள்ளது. எந்தப் பேட்டியாலும் அதனைத் தீர்த்துவைக்க இயலாது.

மாற்று வரலாறு என்ற முயற்சியே வீண் என்போரும் எம்மிடையே உளர். ஈ. எச். கார் 1961இல் நிகழ்த்திய பேருரைகளில் இத்தகைய ஊகங்களை வரவேற்பறை விளையாட்டென ஒதுக்கினார். வரலாற்றில் தோற்றோரின் ஆறுதலாக அவற்றைக் கண்டார். ஆனால் ஏங்கல்ஸ் 1894இல் எழுதிய கடிதமொன்றில், நெப்போலியன் இல்லாதிருந்தால் அவனிடத்தை வேறொருவன் நிரப்பியிருப்பான் என்று வாதிடும்போது, அவரும் ஒரு மாற்று வரலாற்றையே கற்பனை செய்கின்றார். ஒன்றை மாற்றிப் பார்ப்பது எது மாறாது என்று அறிவதற்கான வழிகளுள் ஒன்று.

பிளின்ட் இதனை நேர்படச் செய்தது கிரான்ட்வில் தொடரிலன்று. 2005இலும் 2006இலும் அவர் எழுதிய இரு நாவல்களில் வேற்றுலக வாசிகளும் இல்லை, மின்நிலையமும் இல்லை. 1814இல் ஹோர்ஸ்ஷூ பெண்ட் சமரில் சாம் ஹியூஸ்டன் பெற்ற கொடுங்காயம் சிறுகாயமாகின்றது, மாற்றம் அவ்வளவே. அதிலிருந்து, 1838–39இல் செரோக்கி மக்கள் வலிந்து வெளியேற்றப்பட்ட கொடுமை வேறு வழியிற் சென்றிருக்குமா என்று அவர் ஆராய்கின்றார். அவரது கதையிலும் செரோக்கியர் மேற்கே போகத்தான் நேர்கின்றது. ஆனால் தாமே பேசிமுடித்த உடன்பாட்டோடு போகின்றனர். ஆர்கன்சாவில் கறுப்பின மக்களோடு சேர்ந்து ஓர் அரசமைக்கின்றனர். நிலப்பசி கொண்ட குடியேற்றத்தை ஒருவனது காயம் தடுத்துவிடாது. எந்நிலையில் நின்று அதனை எதிர்கொள்வது என்பதையே அது மாற்றலாம். யந்திரக் கணக்கு எதுவும் போட இடமில்லாத இத்தொடர் இரண்டு நூல்களோடு நின்றுவிட்டது. கிரான்ட்வில் தொடரோ பல பத்து நூல்களாகப் பெருகியது.

2022 ஜூலையில் பிளின்ட் காலமானார். நூற்றிரண்டு இதழ்கள் கண்ட கசெட் அவ்வாண்டிலேயே நின்றது. ஒரு கூட்டுப் படைப்பாக வளர்ந்த உலகின் கதவு ஒருவரது கையிலேயே இருந்தது என்பதை இரசிகர்கள் அப்போதுதான் உணர்ந்தனர் போலும். ஊர்க்கூட்டத்தை நாவலின் நெஞ்சில் வைத்த அவர்தம் உலகில், எது அதிகாரபூர்வமான வரலாறு என்ற முடிவு மட்டும் ஊர்க்கூட்டத்துக்கு விடப்படவில்லை. 2023இல் அவ்வாசகர்களுட் சிலரே கூடி மற்றொரு சஞ்சிகையைத் தொடங்கி, அதே பட்டினத்தின் கதைகளைத் தொடரலாயினர். பேட்டி காண இப்போது ஆசிரியர் இல்லை. இனி எழும் வாதங்களை அவர்கள் எதனைக்கொண்டு தீர்க்கப்போகின்றனர் என்பதை அச்சஞ்சிகையின் இதழ்களிலேதான் நாம் தேட வேண்டும்.