காணப்படாததும் காண்பவரும்

சாந்தோம் கடற்கரையில் விடியற்காலையில் எடுத்த புகைப்படம் ஒன்றை இளைஞர் ஒருவர் அண்மையில் நமக்குக் காட்டினார். எழுகின்ற கதிரவனின் வட்டத்துள் ஒரு காகம் சிறகு விரித்திருக்கிறது. கீழே மீனவர் ஒருவர் வலையை உதறுகிறார். வியந்து பாராட்டினோம். "எல்லாம் அதிர்ஷ்டந்தான், ஃபாதர்" என்றார் அவர். அடக்கத்தால் சொன்ன சொல். ஆயினும் அது முழு உண்மையா என்னும் வினா நம்மை விடவில்லை.

விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அதே மயிலாப்பூரில், இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் தம் இறுதிவரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் இயற்கையைப் பற்றி எழுதியவர்; பத்மஸ்ரீ விருது பெற்றவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர்.

காட்டில் ஒளி நம் விருப்பப்படி விழுவதில்லை. யானையை முகம் திருப்பச் சொல்ல எவராலும் இயலாது. ஆகவே கிருஷ்ணனின் படங்களிலும் தற்செயலுக்கு இடமுண்டு. ஆனால் அவற்றை வரிசையாகப் பார்ப்பவருக்கு ஓர் ஐயம் எழும்: தற்செயல் ஒருவருக்கே இத்தனை முறை வாய்க்குமோ? பல உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கனத்த கேமராவுடன் அவர் கால்நடையாகவும், பழக்கிய யானையின்மீது அமர்ந்தும் ஆண்டுக்கணக்கில் காடுகளில் திரிந்தார். விலங்கின் இயல்பை அறிந்தவருக்கே அது அடுத்து என்ன செய்யும் என்பது ஓரளவேனும் புலப்படும். அவருடைய படங்களின் பெருமை அரிய நிகழ்ச்சியில் இல்லை. அந்த அறிவில் இருக்கிறது.

அப்படியானால் உழைப்பே எல்லாமா? அதுவும் அன்று. 1950 ஏப்ரல் 14 இரவு இரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன். ஓடும் கணத்தைப் பிடிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். ஒளிரும் வாலுடன் விண்மீன் ஒன்று வானில் மெல்ல நகர்ந்ததைக் கண்டதாக அவர் கூறினார். அக்காட்சி நமக்கு அவருடைய சொல்லாகவே எஞ்சியுள்ளது. ஆயத்தமாய் இருப்போர்க்கும் கைக்கு எட்டாதவை உண்டு.

இன்றைய கேமராக்கள் நொடிக்கு 20 படங்கள்கூட எடுக்கின்றன. அடையாற்று முகத்துவாரத்தில் மீன்கொத்தி பாயும் கணத்தை வலைவீசுவதுபோல் பிடித்துவிடலாம். ஆனால் சிக்கிய நூறில் எது படம் என்று கண்டுகொள்வது கருவியின் வேலை அன்று.

'அதிர்ஷ்டம்' என்பதற்கு வடமொழியில் 'காணப்படாதது' என்பதே பொருள். காணப்படாதது ஒரு கணம் காட்சிக்கு வரும்போது, அங்கே காணக் கற்ற கண் ஒன்று இருக்க வேண்டும். முயற்சியே எல்லாம் என்பது செருக்கு. எல்லாம் அதிர்ஷ்டம் என்பது சோம்பலுக்குச் சாக்கு. அருள் இலவசமே, ஆயினும் அதற்குக் கதவைத் திறந்துவைப்பது நம் பங்கு என்று இறையியல் பயின்ற நாளில் கற்றோம். கலையிலும் அது பொருந்துகிறது.

அந்த இளைஞரிடம் எத்தனை நாள் கடற்கரைக்குச் சென்றாய் என்று கேட்டோம். "மழை நாள் போக, ஐந்து மாதமாக" என்றார். படத்தின் பாதி விளக்கம் அந்த விடையில் இருந்தது. மற்றப் பாதி காகத்துக்கே தெரியும்.